நீங்க காலனியா?

அம்பத்தூர்ல பொறந்து வளர்ந்தவங்களுக்கு ‘காலனி’ ரொம்ப சாதாரணமான வார்த்தை. அயப்பாக்கம் பக்கம் ஐ.சி.எஃப் காலனி இருக்கு. எங்க தெரு பேர்லயும் காலனி இருக்கு. ஆட்டோக்காரர்கிட்ட வழி சொல்லும்போதோ, கொரியர் அட்ரஸ் எழுதும்போதோ யாரும் இதைப் பத்தி யோசிக்கிறதே இல்ல. நானும் ஃபர்ஸ்ட் இயர் வரைக்கும் யோசிச்சதில்ல.

விழுப்புரம் பக்கத்துல இருந்து வந்த கிளாஸ்மேட் ஒருத்தன்கிட்ட சும்மா பேச்சுக் கொடுக்கலாம்னு, “ஊர்ல உங்க வீடு எங்கடா, காலனியிலயா?”ன்னு கேட்டேன். அவன் முகம் மாறிடுச்சு. “எதுக்குக் கேக்குற?”ன்னு மட்டும் சொன்னான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் என்கூட சரியா பேசல. ஒருநாள் ஸ்டேஷன்ல லோக்கலுக்குக் காத்திருக்கும்போது அவனே சொன்னான்: “எங்க பக்கம் ‘ஊரா, காலனியா’ன்னு கேட்டா, சாதி என்னன்னு கேக்குறாங்கன்னு அர்த்தம்.”

உங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரிஞ்சிருக்கும். தெரியாத மீதிப் பேருக்காகத்தான் எழுதுறேன்.

லத்தீன்ல ‘கொலோனியா’ன்னா குடியேறி விவசாயம் செய்யிற இடம். ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு நாடு பிடிச்சு வெச்சிருக்கிற இன்னொரு நாடுன்னு அர்த்தம் ஆச்சு. நம்ம ஊர்ல ரயில்வே குவார்ட்டர்ஸும் காலனி, வங்கி ஊழியர்கள் கட்டிய வீடுகளும் காலனி. ஆனா தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கும் இதே பேரைத்தான் வெச்சாங்க. அந்தக் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும். அதனால ‘ஊர்’னா அவங்க இல்லாத இடம், ‘காலனி’ன்னா அவங்க இருக்கிற இடம்னு ஆயிடுச்சு. ‘காலனிக்காரன்’னு ஒருத்தனைக் கூப்பிட்டா, அது முகவரி இல்ல, வசவு.

2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல, “பேரை மாத்தினா எல்லாம் மாறிடுமா?”ன்னு ஒருத்தர் கேட்டார். நாலு பேர் சிரிப்பு ஸ்டிக்கர் போட்டாங்க.

அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. ‘சேரி’யையே எடுத்துக்கோங்க. மக்கள் சேர்ந்து வாழுற இடம்னு மட்டும்தான் அதுக்கு ஒரு காலத்துல அர்த்தம். வேளச்சேரியிலயும் புதுச்சேரியிலயும் இருக்கிறது அதே சேரிதான். பிறகு அது திட்டுற வார்த்தையா மாறுச்சு. அந்த இடத்துக்கு வந்த ‘காலனி’யும் கெட்டுப்போச்சு. நாளைக்கு ‘நகர்’ வந்தா அதுக்கும் இதே கதி ஆகலாம். நாறுறது வார்த்தை இல்ல, பார்வை.

இருந்தாலும் ஸ்டிக்கர் போட்ட நாலு பேர் பக்கம் நான் இல்ல. ஏன்னா அந்த வார்த்தை அவங்க காதுல ஒருநாளும் வசவா விழுந்ததில்ல, என் காதுலயும்தான். ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தப்பவும், ‘திருநங்கை’ங்கிற சொல் புழக்கத்துக்கு வந்தப்பவும் இதே மாதிரி கிண்டல் பண்ணினவங்க உண்டு. இன்னைக்கு பஸ் சீட்டு மேல ‘மாற்றுத்திறனாளிகள்’னு எழுதியிருக்கிறதை யாரும் விசித்திரமா பார்க்கிறதில்ல.

ஹாஸ்டல்ல புதுசா ஒருத்தர்கிட்ட பேசும்போது “எந்த ஊர்?”ங்கிறதோட நிறுத்திக்கோங்க. “ஊர்ல எந்தத் தெரு?”ன்னு அடுத்து கேக்குறதுக்கு முன்னாடி, அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்னு ஒரு நிமிஷம் பாருங்க. மீம்ல ‘சேரி பிகேவியர்’னு போடுறதும் இந்தக் கணக்குதான். அது விளையாட்டுக்குன்னு என்கிட்ட சொல்லாதீங்க.

போன தீபாவளிக்கு அவன் எங்க வீட்டுக்கு வந்தான். தெருமுனை போர்டுல ‘காலனி’ன்னு பெரிய எழுத்துல இருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டான்: “இதே போர்டு எங்க ஊர்ல இருந்தா, உங்க அம்மா அங்க வாடகைக்கு வருவாங்களாடா?”

அம்மாகிட்ட நான் இன்னும் கேக்கல.