மறைந்த ஆட்டம் மீண்ட வரலாறு

'ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்' என்பது அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய இணைய விளையாட்டு. ஆடுவோர் கணிப்பொறியில் அதன் ஒரு பாதியே இருந்தது. சுட்ட குறி தப்பிற்றா, எவர் வென்றார் என முடிவு செய்யும் மறுபாதி நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2005-இல் நிறுவனம் ஆட்டமுறையை இருமுறை மாற்றிற்று. 2011 டிசம்பர் 15-இல் சர்வரையே நிறுத்திவிட்டது.

ஆயினும் ஆர்வலர் சிலர், ஆட்டம் நடந்தபோதே இரு பாதிகளிடையே சென்ற செய்திகளைப் பதிவு செய்து, இன்ன வினாவிற்கு இன்ன விடையென ஆராய்ந்து, மறுபாதியைத் தாமே புதிதாக எழுதலாயினர். பிறர் பேச்சைக் கேட்டே மொழி பயிலும் குழந்தையின் முயற்சி போன்றது இது. மூலத்தைப் போலவே இயங்கும் இதனை எமுலேட்டர் என்பர். ஊதியமின்றிப் பல்லாண்டு உழைத்து, மாறுதலுக்கு முந்தைய ஆட்டத்தையே அவர்கள் மீட்டனர். பழைய ஆட்டத்தகட்டை உடையவரே சேரலாம் என்றும் விதித்தனர்.