தையலின் தகுதி

ஆடையின் அழகு வெளிப்புறத்தே தோன்றும். அதன் உறுதியோ உட்புறத்தே விளங்கும். ஆதலின், ஆயத்த ஆடை வாங்குவோர் அதனை உட்புறம் வெளியாகத் திருப்பி நோக்குதல் வேண்டும். சட்டையில் ஓர் அங்குலத்திற்கு 10 அல்லது 12 தையல்கள் அமையின், மூட்டு உறுதியாக நிற்கும்; 6 அல்லது 7 ஆகக் குறையின், இழுத்தவுடன் இடைவெளி காட்டும். மூட்டின் ஓரத்தில் போதிய துணி விடப்படாவிடின், இழை பிரிந்து தையல் விலகும். இழைப்போக்கு நோக்காது வெட்டிய ஆடையில், சலவைக்குப்பின் பக்கத் தையல் முன்புறமாகத் திரும்பிவிடும்.

இக்குறைகள் பெரும்பாலும் தைப்போர்தம் அறியாமையால் வருவன அல்ல. விலையைக் குறைக்க விரும்புவோர் துணியையும் நூலையும் நேரத்தையும் சுருக்குகின்றனர். சிற்சில வேளைகளில் தொழிலாளரின் பாதுகாப்பையும் சுருக்கிவிடுகின்றனர். வங்காளதேசத்துச் சவார் நகரில், மேலைநாடுகளுக்கு மலிவான ஆடைகளைத் தைத்த தொழிற்கூடங்கள் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் இயங்கின. அதில் வெடிப்புகள் கண்ட மறுநாளும் தொழிலாளர் பணிக்கு அழைக்கப்பட்டனர். அன்றே, 2013 ஏப்ரல் 24ஆம் நாள், கட்டடம் இடிந்து வீழ்ந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மலிவு குற்றமன்று, எளியோர்க்கும் நல்லாடை வேண்டும். எனினும், தையலின் செம்மையை ஆராய்ந்து வாங்குவதும், வாங்கியதைப் பேணி நெடுநாள் உடுப்பதும், தைத்த கைகளின் உழைப்பை மதிப்பதாகும்.