உலாவிச் செயலியின் முன்மாதிரிக்கு எந்தத் தளம்? – முக்கியக் குறிப்புகள்

ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்து கணினிப் பயிற்றுநர், பாலிடெக்னிக் விரிவுரையாளர், நெட் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் போதும். இந்தச் சூழலுக்கு ஏன் இந்தத் தளம் என்று கேட்டால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு சிப்காட் தொழிற்சாலை கேட்டில் இருக்கும் லாரிப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். வண்டி எண், டிரைவர் பெயர், எடைமேடைச் சீட்டு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் ஆகியவற்றை பிரவுசரில் பதியும் செயலியாக்க வேண்டும்.

முன்மாதிரி வகைகள்

• தூக்கியெறியும் முன்மாதிரி: தேவை என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் எழுதுவது. தெரிந்ததும் நிரலைக் கைவிட்டுப் புதிதாக எழுதுவார்கள்.

• வளரும் முன்மாதிரி: அதையே திருத்தித் திருத்தி இறுதிச் செயலியாக்குவது. இதற்குத் தொடக்கத்திலேயே உறுதியான தளம் வேண்டும். முந்தைய வகைக்குக் கைக்கு வேகமாக வரும் தளமே போதும். தளத் தேர்வு வினாக்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

• எக்ஸ்ட்ரீம் புரோட்டோடைப்பிங்: வலைச் செயலிகளுக்கென்றே சொல்லப்படும் முறை. மூன்று கட்டங்கள்: நிலையான ஹெச்.டி.எம்.எல். பக்கங்கள், போலிச் சேவை அடுக்கோடு இயங்கும் திரைகள், உண்மையான சேவைகள். வரிசையை மாற்றிக் கொடுத்துக் கேட்பார்கள்.

• சுழல் மாதிரி: பேரி போம், 1988. ஒவ்வொரு சுற்றிலும் இடர்ப் பகுப்பாய்வு உண்டு; முன்மாதிரி அதற்கான கருவி.

• முதலில் எழுதுவதைத் தூக்கியெறியத் திட்டமிடுங்கள் என்ற கருத்து ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலில் வருவது. அது அருவி மாதிரியை மனத்தில் வைத்துச் சொன்னது என்று 1995 பதிப்பில் அவரே திருத்தினார். இந்த இரண்டாம் பாதியைப் பல கையேடுகள் விட்டுவிடுகின்றன.

எல்லோரும் படிக்க வேண்டிய நிகழ்வு: சேர்ன் ஆய்வகம், 1990

• டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான முன்மொழிவை 1989 மார்ச்சில் எழுதினார். 1990இன் பிற்பகுதியில் நிரல் எழுத அவர் எடுத்துக்கொண்டது நெக்ஸ்ட் கணினி. ஆப்பிளை விட்டு விலகிய ஸ்டீவ் ஜாப்ஸ் 1985இல் தொடங்கிய நிறுவனத்தின் கணினி அது.

• ஏன் நெக்ஸ்ட்? சாளரம், மெனு, எழுத்துத் திருத்தும் பகுதி எல்லாம் அதன் உருவாக்கச் சூழலிலேயே ஆயத்தமாக இருந்தன. மவுஸால் இழுத்து வைத்து, அப்ஜெக்டிவ்-சி மொழியில் இணைத்தால் போதும். அதனால் அவ்வாண்டு டிசம்பருக்குள் சர்வரும் பிரவுசரும் இயங்கின. அந்த முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்க மட்டுமல்ல, திருத்தவும் முடிந்தது.

• நெக்ஸ்ட் கணினி வைத்திருந்தவர்களோ மிகச் சிலர். ஆகவே நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, எழுத்து மட்டும் காட்டும் எந்த முனையத்திலும் ஓடக்கூடிய லைன்-மோட் பிரவுசரை எழுதினார். படமோ மவுஸோ இல்லாவிட்டாலும் வலையை மற்றவர்களின் மேசைக்குக் கொண்டுபோனது அதுதான்.

• 1993 ஏப்ரல் 30: சேர்ன் வலை மென்பொருளைப் பொதுவுடைமையாக்கியது. அதே ஆண்டில் மொசைக் வந்தது (மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா).

• நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: முன்மாதிரி எழுதும் தளம் வேறு, பயனர் கையில் இருக்கும் தளம் வேறு. நம் கேட்டில் செக்யூரிட்டி கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன், அதுவும் வெயிலில். உங்கள் லேப்டாப்பில் அழகாகத் தெரிவது அங்கே எதையும் நிரூபிக்காது.

தளங்களும் ஆண்டுகளும்

• ஜாவாஸ்கிரிப்ட்: பிரெண்டன் ஐக், நெட்ஸ்கேப், 1995 மே. பத்து நாட்களில் எழுதப்பட்ட முன்மாதிரி. முதல் பெயர் மோக்கா. 1997இல் எக்மா தரமானது. அவசரத்தில் எடுத்த சில முடிவுகளை இன்றும் மாற்ற முடியவில்லை. வளரும் முன்மாதிரியின் ஆபத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

• பி.ஹெச்.பி.: ராஸ்மஸ் லெர்டார்ஃப், 1995. பைத்தான்: கைடோ வான் ராசம், 1991. ஜாங்கோ 2005, ஃபிளாஸ்க் 2010. நோட்.ஜே.எஸ்.: ரயன் டால், 2009. ரியாக்ட்: ஃபேஸ்புக், 2013இல் திறமூலமானது.

• லாம்ப் அடுக்கு: லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பி.ஹெச்.பி.

• எஸ்கியூலைட்: ரிச்சர்ட் ஹிப், 2000. தனி சர்வர் வேண்டாம். தரவுத்தளம் முழுதும் ஒரே கோப்பு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது வரம்பு.

• தமிழ்நாட்டுப் பாடநூல்: 11ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகளில் ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், 12இல் பி.ஹெச்.பி., மைஎஸ்கியூஎல். 12ஆம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தானும் எஸ்கியூலைட்டும். இங்கே பள்ளி முடித்த ஒருவர் முன்மாதிரி எழுதத் தேவையானவை கையில் இருக்கின்றன. புதிய கட்டமைப்பைத் தேடி மாதக்கணக்கில் அலைவதைவிட, தெரிந்த மொழியில் இன்றே தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

எழுத்து: எல்லைப்புறத்துக்காரர்கள் விடக்கூடாத பகுதி

• யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள்: பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. 3072இல் தெலுங்கு தொடங்குகிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா வருவதுபோல. தேவநாகரி 2304 முதல் 2431 வரை. நம் கேட்டுக்கு வரும் டிரைவர்கள் பெயருக்கு இந்த மூன்றும் வேண்டும்.

• யூ.டி.எஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'அம்மா' கண்ணுக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் 5 குறியீடு; 15 பைட். பெயர்ப் பகுதிக்கு நீளம் குறிக்கும்போது இதை மறந்தால் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

• மைஎஸ்கியூஎல்லில் பழைய யூ.டி.எஃப்-8 வகை 3 பைட்டோடு நின்றுவிடும். 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 4 பைட் வேண்டும். 4 பைட் வகையையே தேர்ந்தெடுங்கள்.

கேமரா திறக்காத சிக்கல்

• ஹெச்.டி.டி.பி. போர்ட் 80, ஹெச்.டி.டி.பி.எஸ். போர்ட் 443. கேமராவைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே பிரவுசர் திறக்கும், லோக்கல்ஹோஸ்ட் (127.0.0.1) விதிவிலக்கு. எனவே எடைமேடைச் சீட்டைப் படமெடுக்கும் பக்கம் உங்கள் கணினியில் வேலை செய்யும். அதே பக்கத்தை 192.168 எனத் தொடங்கும் உள்வலை முகவரியில் சாதாரண ஹெச்.டி.டி.பி. வழியாகப் போனில் திறந்தால் கேமரா வராது. நிரலில் பிழை தேட வேண்டாம், சான்றிதழ் போடுங்கள்.

• கேட்டில் சிக்னல் விட்டுப் போனால்? சர்வீஸ் ஒர்க்கரும் இண்டெக்ஸ்டு-டிபியும் பதிவைப் போனிலேயே தேக்கி வைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து

• ஃபிரெஷ்டெஸ்க்: கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி, சென்னை, 2010. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. ரெயில்ஸை டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்டார். நிறுவனம் ஃபிரெஷ்ஒர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

• ட்விட்டரும் 2006இல் ரெயில்ஸில்தான் தொடங்கியது. கூட்டம் பெருகியபின் முக்கியப் பகுதிகளை ஸ்காலாவுக்கு மாற்றியது. விரைவாகத் தொடங்கியதும் சரி, பிறகு மாற்றியதும் சரி. பயனர் பெருகுமுன் பெருக்கத்துக்கான தளம் தேடியிருந்தால் இரண்டு நிறுவனங்களும் தாமதமாகியிருக்கும்.

• ஜோஹோ கிரியேட்டர்: 2006. படிவத்தை இழுத்து வைத்தே செயலி உருவாக்கும் குறைநிரல் தளம். அதன் மொழி டெல்யூஜ். இத்தகைய தளங்கள் பெரும்பாலானவற்றிலிருந்து தரவை எடுத்துக்கொண்டு போகலாம், செயலியை அப்படியே பெயர்க்க முடியாது.

• எந்தத் தளமானாலும் நம் கேட் செயலியில் கவனிக்க வேண்டியது: டிரைவரின் பெயரும் போன் எண்ணும் தனிநபர் தரவு. அதற்கான சட்டம் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். முன்மாதிரியில் கற்பனைப் பெயர்களையே போடுங்கள்.

பயிற்சி வினா

ஒரே கேட், ஒரு ஷிப்டில் ஒரு செக்யூரிட்டி, தேவை இன்னும் தெளிவாகவில்லை. எந்தத் தளம்? என் விடை: முதலில் வெறும் ஹெச்.டி.எம்.எல். பக்கங்களைப் போனில் காட்டி, எந்தக் கட்டத்தை நிரப்பத் தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு ஃபிளாஸ்க், எஸ்கியூலைட். மூன்று கேட், அலுவலகம், எடைமேடை எல்லாம் ஒரே நேரத்தில் எழுதும் நிலை வந்தால் தரவுத்தளத்தை போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற்ற வேண்டும். திரைகளைத் தொட வேண்டியதில்லை.