சர்வர் இங்கேயே இருக்கும், வேலைதான் மாறும்

வண்டலூருக்கு மேற்கே ஒரகடம், தெற்கே மறைமலைநகர், வடக்கே தாம்பரம் மெப்ஸ், கிழக்கே கேளம்பாக்கம் சாலை. நாலு பக்கமும் ஆலைகள், கல்லூரிகள், மருத்துவமனைகள். பலவற்றில் ஏசி ஓடும் சிறிய அறையில் இன்னும் ஒரு சர்வர் ரேக் இருக்கிறது. எல்லாமே கிளவுடுக்குப் போய்விடும், சிஸ்டம் அட்மின் வேலை முடிந்தது என்று பயப்படுகிறவர்கள் இங்கே நிறைய. ஆனால் உற்பத்தி லைனோடு நொடிக்கு நொடி பேசும் மென்பொருளை நிர்வாகம் அவ்வளவு சுலபத்தில் வெளியே அனுப்பாது. சர்வர் இருந்த இடத்தில் இருக்கும். அதை மேய்க்கும் திரை மட்டும் கிளவுடுக்கு நகரும். அந்த வேலையைக் கற்றுக்கொண்டவருக்கு இந்த வட்டாரத்தில் இடம் உண்டு.

மைக்ரோசாஃப்ட் 2019 நவம்பரில் அறிவித்த அஸூர் ஆர்க் இதற்கு நல்ல உதாரணம். சர்வரில் ஒரு சிறு ஏஜென்ட் நிறுவினால் போதும், அந்த சர்வர் அஸூர் திரையில் ஒரு வரியாகத் தெரியும். பேட்ச், கண்காணிப்பு, பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்க்கலாம். அமேசானின் சிஸ்டம்ஸ் மேனேஜரும் இதேபோல வெளி சர்வர்களைச் சேர்த்துக்கொள்ளும். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது கடினமில்லை.

நேர்காணலில் பலரும் தடுமாறுகிற கேள்வி ஒன்று: விர்ச்சுவல் மெஷினுக்குள் ஏஜென்ட் போடுவதும், விஎம்வேரின் விசென்டரையே ஆர்க்கோடு இணைப்பதும் ஒன்றா? இல்லை. முதலாவதில் உள்ளே ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உங்கள் கைக்கு வரும். இரண்டாவதில் மெஷினை உருவாக்க, நிறுத்த, ஓடவிட, அளவு மாற்ற முடியும். அதற்கு உங்கள் வளாகத்திலேயே ரிசோர்ஸ் பிரிட்ஜ் என்ற தனி மெஷின் ஒன்று ஓட வேண்டும். சர்வர்களின் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் என்றால் ஒவ்வொரு நோடிலும் ஏஜென்ட் வேண்டும். ஏஜென்ட் இணைத்த மெஷினை அப்படியே குளோன் செய்யாதீர்கள்; இரண்டும் ஒரே அடையாளத்தோடு மோதும்.

இணைப்பு சிக்குவது பெரும்பாலும் ஃபயர்வாலில். ஏஜென்ட் உள்ளிருந்து வெளியே 443 போர்ட் வழியாகப் பேசும். வெளியிலிருந்து உள்ளே எதையும் திறக்கத் தேவையில்லை. நெட்வொர்க் பிரிவினரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். ஃபயர்வாலில் டிஎல்எஸ் ட்ராஃபிக்கைப் பிரித்துப் பார்க்கும் வசதி ஓடினால், தேவையான முகவரிகளுக்கு விலக்குக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அனுமதி. அந்த ஏஜென்ட் மூலம் அஸூரிலிருந்து உங்கள் சர்வரில் ஸ்கிரிப்ட் ஓட்டலாம். அஸூரில் ஒருவருக்கு அலட்சியமாகக் கொடுத்த கான்ட்ரிபியூட்டர் உரிமை, ஆலை சர்வரின் முழுச் சாவியையும் கொடுத்ததற்குச் சமம். சர்வர்களைச் சேர்க்கிறவருக்கு அதற்கென உள்ள ஆன்போர்டிங் உரிமை மட்டும் போதும். எந்த எக்ஸ்டென்ஷன்கள் ஓடலாம் என்ற பட்டியலை சர்வரிலேயே பூட்டலாம். இதைச் செய்யத் தெரிந்தவரைத்தான் நான் வேலைக்கு எடுப்பேன். பட்டனை அழுத்த யாரையும் பழக்கிவிடலாம்.

இணைப்பு அறுந்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாம்பரம், முடிச்சூர் பக்கம் என்ன செய்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்டர்நெட் போனாலும், மின்சாரம் இருக்கும்வரை சர்வர் தன் வேலையைச் செய்யும். அஸூர் திரையில் மட்டும் தொடர்பு அறுந்ததாகக் காட்டும். 45 நாள் வரை பேசாமலே இருந்தால் காலாவதி ஆகிவிடும். பதிவை நீக்கி மறுபடி இணைக்க வேண்டும். அதனால் உள்ளூர் அட்மின் கணக்கு, கன்சோல், காகிதத்தில் எழுதிய ஐபி பட்டியல் மூன்றையும் கைவிடாதீர்கள். மழை நாளில் அவைதான் சோறு போடும்.

பழக 16 ஜிபி லேப்டாப் போதும். இரண்டு விர்ச்சுவல் மெஷின், ஒரு சின்ன கே3எஸ் (எடை குறைந்த குபர்நெட்டிஸ்) கிளஸ்டர். கிரசென்ட், விஐடி, எஸ்ஆர்எம் மாணவர்கள் கல்லூரி மின்னஞ்சலை வைத்து அஸூரின் மாணவர் கணக்குக்கு முயலலாம். அதற்குக் கிரெடிட் கார்டு கேட்பதில்லை. சர்வரை ஆர்க்கில் இணைத்துப் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. பேட்ச் மேலாண்மை போன்ற கூடுதல் சேவைகளுக்கு மட்டும் மாதக் கட்டணம் உண்டு.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள் தங்கள் அறையில் உள்ள பழைய விண்டோஸ் சர்வர் 2012 மெஷின்களிலிருந்து தொடங்கலாம். அதற்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது. கட்டணம் கட்டிப் பெறும் பாதுகாப்பு பேட்ச்களை ஆர்க் வழியாக வாங்கலாம். எத்தனை மெஷின், எந்தத் துறையுடையது, எப்போது மாற்றுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். அந்தக் கட்டண பேட்ச்களுக்குக் கடைசி நாள் 2026 அக்டோபர் 13. அதற்குப் பிறகு காசு கொடுத்தாலும் பேட்ச் வராது.