பச்சைக் குழந்தையின் படுக்கை

பச்சைக் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது என்பதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். அதிலும் ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் சிக்னல் கம்பியும் ரிலேயும் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுதலாமா என்றும் கேட்கலாம். நான் மருத்துவன் அல்ல, டிப்ளமா படித்த எஞ்சினியர். பேத்தி பிறந்த பிறகு இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தும் கொண்டேன். நம் சங்கத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் தம்பதிகள் பலர். ஊரிலிருந்து உதவிக்கு வரும் அம்மாவோ மாமியாரோ இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லப்போகும் அபாயம் மிகுதியாக இருப்பதும் சரியாக அந்தச் சமயத்தில்தான்.

நோய்நொடி எதுவும் இல்லாத குழந்தை, இரவு பால் குடித்துத் தூங்கியது, காலையில் எழுந்திருக்கவில்லை. பிரேத பரிசோதனை செய்தாலும் காரணம் அகப்படவில்லை. ஒரு வயதுக்குள் நேரும் இத்தகைய மரணத்துக்கு 1969-ல் 'சடன் இன்ஃபன்ட் டெத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக 'ஸிட்ஸ்'. பிறந்த இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரைதான் இது அதிகம். பத்தில் ஒன்பது பங்கு ஆறு மாதத்துக்குள் நேருகிறது. நம் நாட்டில் 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா? அதுவும் இதே வயது. அதனால் ஊசியின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தவறாமல் போடுங்கள்.

இதன் வரலாறு வேதனையானது. குழந்தையை மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறிவிடும், ஆகவே குப்புறப் போடுங்கள் என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். உலகமெங்கும் விற்ற டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950-களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அப்படியே சொன்னது. தாய்மார்கள் நம்பினார்கள், சாவு கூடியது. இதற்கிடையே ஹாங்காங்கில் இத்தகைய மரணம் அபூர்வம் என்று 1985-ல் ஒரு மருத்துவர் எழுதினார். அங்கே குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைப்பது வழக்கம். 1987-ல் நெதர்லாந்தில், குப்புறப் போடாதீர்கள் என்று பிரசாரம் தொடங்கியது. 1991-ல் நியூஸிலாந்தும் பிரிட்டனும் பின்பற்றின. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் அறிவுரை வெளியிட்டது, 1994-ல் நாடு தழுவிய இயக்கம் வந்தது. பத்தே ஆண்டில் அமெரிக்காவில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகின. புது மருந்தோ கருவியோ எதுவுமில்லை, குழந்தையைத் திருப்பிப் போட்டதுதான்.

2005-ல் ரூத் கில்பர்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்று திரட்டிப் பார்த்தார்கள். குப்புறப் போடுவது ஆபத்து என்பதற்கு வேண்டிய சான்றுகள் 1970-லேயே இருந்திருக்கின்றன. அப்போதே கூட்டிப் பார்த்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ரயில் விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்துப் பழகிய எனக்கு இந்தப் புள்ளியைத் தாண்டிப் போகவே மனம் வரவில்லை. தகவல் இருந்தது, ஆனால் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

சரி, புரையேறாதா? நம் வீட்டுப் பாட்டிகளும் இதையேதான் கேட்கிறார்கள். மூச்சுக்குழல் முன்பக்கம், உணவுக்குழல் அதன் பின்னால். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். தண்ணீர் மேட்டில் ஏறுமா? குப்புறப் படுத்தால் இது தலைகீழ். மூச்சுக்குழல் பள்ளத்தில் வந்துவிடுகிறது. மேலும் மெத்தையில் முகம் புதைந்தால் தான் விட்ட மூச்சையே குழந்தை திரும்பத் திரும்ப இழுக்கிறது. நமக்கென்றால் திணறி விழித்துக்கொள்வோம். சில குழந்தைகளுக்கு அந்த விழிப்பு இந்த வயதில் சரியாக வருவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் கூடாது. ஒருக்களித்த குழந்தை எளிதில் குப்புறச் சரிந்துவிடும்.

பழைய கை சிக்னலில் இழுகம்பி அறுந்தால் கை தானாகவே 'ஆபத்து' நிலைக்கு வந்துவிடும்படி எதிர் எடை வைத்திருப்பார்கள். மனிதன் தூங்கிவிட்டாலும், கம்பி அறுந்துவிட்டாலும், வண்டி நிற்க வேண்டும். குழந்தையின் படுக்கையையும் அப்படித்தான் அமைக்க வேண்டும் என்பது என் கட்சி. தாய் அயர்ந்து தூங்கத்தான் செய்வாள். அவள் விழித்திருப்பதை நம்பி எந்த ஏற்பாடும் செய்யக்கூடாது.

ஆகவே பகலோ இரவோ, ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்க. ஒரு வயது வரை இதே விதி. இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த பிறகு தூக்கத்தில் திரும்பிக்கொண்டால் விட்டுவிடலாம், படுக்கப் போடும்போது மட்டும் மல்லாக்க. தலை சப்பையாகிவிடும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும்போது நாம் எதிரில் உட்கார்ந்து சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாடலாம். கழுத்துக்கும் பலம். தலை உருண்டையாக வர வேண்டும் என்று இங்கே கடுகுத் தலையணை வைக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அன்போடு தைத்துக் கொடுப்பார், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தூங்கும் குழந்தைக்கு வைக்க வேண்டாம்.

மெத்தை கெட்டியாக, சமதளமாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக்கூடாது. தொட்டில் கட்டில் வாங்கினால் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு குளிர்பான டின் உள்ளே நுழைந்தால் அந்தக் கட்டிலை வாங்காதீர்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. குழந்தை பிறந்த வீட்டுக்கு நாமெல்லாம் கரோல் பாக்கில் வாங்கிப் போகும் பரிசு செட்டில் குட்டி மெத்தை, தலையணை, இரண்டு உருளைத் திண்டு, கொசுவலை என்று இருக்கும். அதில் கொசுவலையை வைத்துக்கொண்டு தலையணையையும் திண்டுகளையும் பரணில் போட்டுவிடலாம். பொம்மையும் வேண்டாம். கழுத்துச் சங்கிலி, திருஷ்டிக் கயிறு இவற்றையும் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இனி தில்லிக் குளிர். நம் ஊர்க்காரர்கள் இங்கு வந்த முதல் டிசம்பரில் குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர், குல்லா, காலுறை, கையுறை எல்லாம் மாட்டி, மேலே ரஜாயும் போர்த்துவார்கள். குளிரைப் பார்த்த பயம். ஆனால் மிஞ்சிய சூடும் இந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். குழந்தை உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் பெரிதும் வெளியேற்றுகிறது. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். அறையில் நமக்கு எத்தனை துணி இதமாக இருக்கிறதோ அதைவிட ஒன்று கூடுதல், அவ்வளவே. கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ரஜாய்க்குப் பதில் கையில்லாத ஃபிளானல் பை ஒன்று தைத்து, கழுத்தும் தோளும் வெளியே இருக்கும்படி போட்டுவிடலாம். கழுத்து அளவு தலை உள்ளே வழுகாதபடி இருக்க வேண்டும். தையல்காரருக்கு அரை மணி வேலை. துணியில் இறுக்கிச் சுற்றும் பழக்கம் உள்ளவர்கள், குழந்தை புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே அதை நிறுத்திவிட வேண்டும்.

மூடிய அறையில் கரி அங்கீட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றுதலோடு ஒட்டிக்கொள்கிறது. குழந்தை மட்டுமல்ல, குடும்பமே காலையில் எழாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே செய்தித்தாளில் பார்க்கிறோம். வீட்டில் சிகரெட், பீடியும் கூடாது. பால்கனியில் நின்று பிடிப்பதும் சமாதானம் ஆகாது. சாம்பிராணிப் புகையையும் ஜன்னல் அடைத்த அறையில் காட்ட வேண்டாம் என்பேன், என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை.

தூளி விஷயத்திலும் வீட்டில் விவாதம் நடந்தது. தூளியில் வளராதவர் நம்மில் யார்? ஆனால் சிறு குழந்தை அதில் வளைந்து கிடக்கும்போது முகவாய் மார்பில் படிந்து மூச்சு வழி மடங்கக்கூடும். சற்றுப் பெரிய குழந்தை புடவையில் கழுத்து மாட்டி இறந்த சம்பவங்கள் நம் நாட்டு மருத்துவ ஏடுகளிலேயே பதிவாகியிருக்கின்றன. எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஆட்டித் தூங்க வைக்கலாம், தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு உடன்படிக்கை. காரில் வைக்கும் குழந்தை இருக்கைக்கும், சாய்வான தொட்டில்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற ஒரு சாய்வுத் தொட்டிலை 2019-ல் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் இத்தகைய தொட்டில்களுக்கே அங்கு சட்டப்படி தடை வந்துவிட்டது. மகள் பிரசவத்துக்கு அங்கு போகும் பெரியவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதைத்தான் பெண்ணும் சொல்வாள்.

ஒரே படுக்கையில் தாயும் சேயும் படுப்பது பற்றித்தான் கருத்து வேறுபாடு அதிகம். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் செய்த ஆய்வில், தெற்காசியக் குடும்பங்களில் இந்த மரணம் வெள்ளையர் குடும்பங்களைவிடக் குறைவு என்று கண்டார்கள். குழந்தை தனியறையில் இல்லாததும், தாய்மார்களிடம் புகையும் மதுவும் மிகக் குறைவு என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரே அறை, தனிப் படுக்கை, குறைந்தது ஆறு மாதம் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் கட்டில் போட இடமில்லாவிட்டால், தாயின் பாய்க்குக் கை எட்டும் தூரத்தில் தரையில் கெட்டியான சிறு மெத்தை போதும். எழுந்து பால் கொடுக்கவும் எளிது. தாய்ப்பாலே இந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்கிறது. குறைமாதத்தில் பிறந்த அல்லது எடை குறைந்த குழந்தையானால், பெற்றோரில் ஒருவர் புகைப்பவரோ குடிப்பவரோ தூக்க மாத்திரை சாப்பிடுபவரோ ஆனால், ஒரே படுக்கை அறவே கூடாது. எல்லாவற்றிலும் மோசமானது சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவது. பெரும்பாலும் அப்பாக்கள் செய்வது.

கடைசியாக, ரயில் பயணம். கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. பெர்த் குறுகல். தாய்க்கும் சுவருக்கும் நடுவே குழந்தை நசுங்கும், வெளிப்பக்கம் போட்டால் விழும். 2022 மே மாதம் லக்னோ மெயிலில் லோயர் பெர்த்தோடு மடித்து வைக்கும் குழந்தை பெர்த் ஒன்றைச் சோதனையாக வைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் உங்கள் வண்டியில் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். என் ஏற்பாடு இதுதான்: இரண்டு லோயர் பெர்த்துக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒன்றைக் குழந்தைக்கே விட்டுவிட வேண்டும். மடித்த போர்வையை அதன் மேல் இறுக்கமாகச் சமமாக விரித்து, குழந்தையை மல்லாக்கப் போட்டு, ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இரவை இரண்டு மணி நேர முறையாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். முறை முடியும்போது அடுத்தவரை எழுப்பி, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்ன பிறகுதான் நீங்கள் படுக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் பொறுப்பு மாற்றுவதும் அப்படித்தான்.