ஆபத்துக் காலத்திற்கு ஒரு முதுகுப் பை

ஐப்பசி, கார்த்திகையில் புயலெச்சரிக்கை கேட்டபின் பை தேடி அலையாமல், முன்கூட்டியே ஒன்றை வாங்கி வைப்பது விவேகம்.

1. 30 லிட்டருக்கு மேற்படாத பையையே தேர்ந்தெடுங்கள். பெரிய பையானால் அநாவசியப் பொருள்கள் சேர்ந்து, சுமந்து நடப்பதே பிரயாசையாகிவிடும்.

2. தோள்வார் பையோடு சேருமிடத்தில் குறுக்குத் தையல் உண்டா என்று பாருங்கள். பாரம் முழுவதும் அங்கே விழுவதால், முதலில் பிய்வதும் அங்கேதான்.

3. ஜிப்பைப் பலமுறை திறந்து மூடுங்கள். துணி எத்துணை உறுதியாயினும், ஜிப் கெட்டால் பை பிரயோஜனமற்றது.

4. சாம்பல் நிறப் பள்ளிப் பையையே வாங்குங்கள். ஜன நெரிசலில் பிறர் கண்ணை ஈர்க்காது, விலையும் சகாயம்.

5. தையல் துவாரங்களின் வழியே நீர் கசியுமாதலால், ரேஷன் கார்டு, மருந்து முதலியவற்றைக் கனத்த பிளாஸ்டிக் உறையிலிட்டே உள்ளே வையுங்கள்.

பகட்டான பையைவிடத் தையல் உறுதியான பையே உத்தமம்.