கப்பிக் கணக்கும் அடைமொழிகளும்

இயக்கவியலில் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதி எது என்று கேட்டால், கப்பியும் கயிறும் வரும் கணக்குகளே என்று தயங்காமல் கூறலாம். விடுதியில் முதலாண்டு நண்பர்களுக்கு இக்கணக்குகளைச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நியூட்டனின் விதிகளை அவர்கள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள், சூத்திரமும் மனப்பாடம். ஆனால் படம் சற்றே மாறினாலும் பேனா நின்றுவிடுகிறது. பலர் தேர்வில் இக்கேள்வியையே ஒதுக்கிவிடுகிறார்கள். இதற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. கேள்வியைப் படிக்கும் முறையே என்பது என் கருத்து.

“நிறையற்ற, நீளாத கயிறு ஒன்று, நிறையற்ற, உராய்வற்ற கப்பியின் மேல் செல்கிறது” என்றுதான் கேள்வி தொடங்கும். இந்த அடைமொழிகளை மந்திரம்போல் கடந்து, எண்களைத் தேடி ஓடுவது வழக்கம். உண்மையில் ஒவ்வோர் அடைமொழியும் ஒரு சமன்பாட்டைத் தாங்கி நிற்கிறது.

கயிறு நீளாதது என்றால், ஒரு முனை இறங்கும் அளவே மறுமுனை ஏறும். ஆகவே இரு முடுக்கங்களும் சம அளவுடையவை. கயிறு நிறையற்றது என்றால், அதன் நெடுகிலும் இழுவிசை ஒன்றே. கிணற்றில் தொங்கும் கனத்த தேங்காய்நார்க் கயிற்றில் அப்படி இல்லை. கயிற்றின் எடையையும் மேற்பகுதி தாங்குவதால் அங்கே இழுவிசை கூடுதல். கப்பிக்கு நிறையும் உராய்வும் இல்லை என்றால், அதைச் சுழற்றத் தனி முயற்சி தேவையில்லை. எனவே அதன் இருபுறமும் இழுவிசை சமம்.

இனி ஒரு கணக்கைக் காண்போம். ஒருபுறம் 3 கிலோகிராம், மறுபுறம் 2 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² எனக் கொள்வோம். ஒவ்வொரு நிறையையும் தனியே பிரித்து வரைய வேண்டும்.

3 கிலோவுக்கு: 30 – இழுவிசை = 3 × முடுக்கம்
2 கிலோவுக்கு: இழுவிசை – 20 = 2 × முடுக்கம்

இரண்டையும் கூட்டினால், 10 = 5 × முடுக்கம். முடுக்கம் 2 மீ/வி². இழுவிசை 24 நியூட்டன். இழுவிசை 30-உம் அன்று, 20-உம் அன்று என்பது நோக்கத்தக்கது. கப்பியைத் தாங்கும் கொக்கியின் மேலுள்ள சுமையும் 50 நியூட்டன் அன்று, 48 நியூட்டனே!

இவ்வமைப்பை ஆய்வுக்கருவியாக்கியவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட். 1784-இல் வெளிவந்த தம் நூலில் இக்கருவியை அவர் விளக்கினார். தானாக விழும் பொருள் 1 மீட்டரைக் கடக்க அரை வினாடிகூட ஆவதில்லை. அக்காலக் கடிகாரத்தால் அதை அளப்பது அரிது. இருபுறமும் 500 கிராம் தொங்கவிட்டு, ஒருபுறம் 10 கிராம் மட்டும் கூட்டினால், முடுக்கம் சுமார் 0.1 மீ/வி² ஆகக் குறையும். அதே 1 மீட்டருக்கு ஏறக்குறைய நாலரை வினாடி ஆகும். உராய்வற்ற கப்பி உலகில் இல்லை என்பதை அறிந்த அட்வுட், கப்பியின் அச்சைச் சிறு சக்கரங்களின் மேல் அமர்த்தி உராய்வைக் குறைத்தார். நாம் காகிதத்தில் எழுதும் அடைமொழியை அவர் பித்தளையில் செய்ய முயன்றார் எனலாம்.

இப்போது படத்தை மாற்றுவோம். கயிற்றின் ஒரு முனை விட்டத்தில் கட்டப்பட்டுள்ளது. கயிறு, 4 கிலோ தொங்கும் நிறையற்ற நகரும் கப்பியின் அடியாகச் சென்று, மேலே ஒரு நிலைக்கப்பியைக் கடந்து, 3 கிலோவைத் தாங்குகிறது. மனப்பாடச் சூத்திரம் இங்கே உதவாது, அடைமொழிகள் உதவும். கயிறு நீளாதது, ஆகவே நகரும் கப்பி 1 அடி ஏற, 3 கிலோ 2 அடி இறங்க வேண்டும். நகரும் கப்பியை இரு கயிறுகள் தூக்குகின்றன. கப்பியின் முடுக்கத்தை ‘மு’ என்று கொண்டால்,

30 – இழுவிசை = 3 × 2மு
2 × இழுவிசை – 40 = 4மு

விடை: மு = 1.25 மீ/வி², இழுவிசை 22.5 நியூட்டன். 3 கிலோ இறங்க, 4 கிலோ ஏறுகிறது! கனமானதே இறங்கும் என்று ஊகித்தவர் திசையிலேயே தவறியிருப்பார்.

விடை கண்டபின் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். முதற்கணக்கில் இரு நிறைகளும் சமமானால் முடுக்கம் சுழியாக வேண்டும்; ஒரு நிறையை நீக்கினால் மற்றது தானாக விழ வேண்டும். சமன்பாடுகள் இவ்விரண்டுக்கும் இணங்கவில்லையெனில் எங்கோ குறி மாறியுள்ளது என்று பொருள். ஆகவே நண்பர்களே, எண்களைத் தொடும் முன் அடைமொழிகளின் கீழ்க் கோடிடுங்கள். கணக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.